மஞ்சள் டோசர், சிவப்பு டோசர், கோழி டோசர்

“உன் பயம் எத்தனை குதிரைத்திறன் இருக்கும்மா?” என்று தலைமை ஒப்பீட்டாளர் ஒருமுறை என்னிடம் கேட்டார்.

கேலி செய்கிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார். பயத்தின் அளவு தெரிந்தால்தான் அதை மற்றவர்களுடைய பயத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும் என்றார்.

யாராவது கேள்வி கேட்டாலே என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு நின்றதும் அதனால்தான். எழுந்து வாசி என்றால் எழுந்திருப்பேன், வாசிக்க மாட்டேன். அப்படிப்பட்ட என்னைத்தான் அப்பா ஒப்பீட்டு அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவருக்கும் வேறு ஆள் இல்லை. வாலிப வயதிலிருந்து டோசர் ஓட்டி ஓட்டிக் காது போய்விட்டது. யார் எது சொன்னாலும் நான்தான் அவர் காதருகே குனிந்து உரக்கச் சொல்ல வேண்டும். உரக்கப் பேசப் பயப்படுகிறவளுக்கு அமைந்த வேலை அது.

நாங்கள் போனது மண் தள்ளும் டோசர் ஒன்று வாங்க அனுமதி கேட்டு. டோசர் எதற்கு என்றால், எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மேட்டுக்காக. மூடிப்போன கல்குவாரி கொட்டிவிட்டுப் போன கழிவு மண். வீட்டைவிட உயரம். மழைக்காலத்தில் அது நகரும். நகர்வதைக் கண்ணால் பார்த்தவர் யாருமில்லை. பின்கட்டில் அம்மா துணி உலர்த்தும் கம்பம் முதலில் நேராக நின்றது. பிறகு எங்களைப் பார்த்துக் குனிந்தது. பிறகு காணவில்லை. சமையலறைச் சுவரில் விரிசல் விட்டபோது அம்மா அதில் பழைய துணியைத் திணித்தாள். அப்பா வெளியே கட்டைகளைச் சாய்த்து முட்டுக் கொடுத்தார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தகரக் கூரையில் சின்னக் கற்கள் உருண்டு விழும். அம்மாவும் நானும் மெல்லுவதை நிறுத்துவோம். அப்பாவுக்குச் சத்தம் கேட்காது. எங்கள் வாயைப் பார்த்து அவரும் நிறுத்துவார். சத்தம் அடங்கியதும் மூன்று பேரும் மறுபடி மெல்லுவோம்.

பெரிய இயந்திரம் ஏறினால் அதன் கனத்துக்கே மேடு இறங்கிவிடும் என்றார் அப்பா. சின்ன டோசர் வேண்டும், சக்கரத்துக்குப் பதிலாக ஓடும் சங்கிலி அகலமாக இருக்க வேண்டும், மண்ணை அழுத்தாமல் மேலே போய்க் கொஞ்சம் கொஞ்சமாக வழித்து இறக்க வேண்டும், அதுவும் மழைக்கு முன்னால். மேட்டடியில் குடியில்லாவிட்டாலும் தெருவே சேர்ந்து பணம் போட்டது. புதிது வாங்குகிற அளவுக்கு யாரிடம் இருக்கிறது. பழையதைப் பார்க்கப் போனோம்.

பழைய இயந்திரங்கள் விற்கும் யார்டில் இரண்டு வண்டிகள் இன்ஜின் ஓடுகிற நிலையில் இருந்தன. மஞ்சள் டோசர் நாற்பது குதிரைத்திறன், நாலு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு, மண்ணைத் தள்ளும் பிளேடு ஆறடி. சிவப்பு டோசருக்கு அறுபது குதிரைத்திறன், ஆனால் சங்கிலி ஒடுக்கம், இடது சங்கிலி அறுந்து பக்கத்தில் கிடந்தது. அப்பா சேற்றில் மல்லாந்து படுத்துப் பல்சக்கரத்தை விரலால் தடவினார். பல் கூராகத் தேய்ந்திருந்தால் வண்டி நிறைய உழைத்திருக்கிறது, மழுங்கலாக இருந்தால் இன்னும் உழைக்கும் என்று எனக்குச் சொன்னார். பிளேடைத் தூக்கி நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டு, அது தானாகக் கீழே இறங்குகிறதா என்று காத்திருந்தார். சிவப்பின் பிளேடு தூக்கம் வந்தவர் தலை மாதிரி இறங்கியது. மஞ்சளின் பிளேடு அப்படியே நின்றது. பிறகு மறுபடி மஞ்சளின் இன்ஜினைப் போட்டு, யார்டுக்குள் ஒரு சுற்று ஓட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

“சத்தம் எப்படி இருக்கு பாப்பா?”

அவர் கேட்க வேண்டிய சத்தத்தை நான் கேட்டுச் சொல்ல வேண்டும். கண்ணை மூடிக் கேட்டேன். “குழாயில தண்ணி விழற மாதிரி இருக்குப்பா. விட்டு விட்டு வரல.”

“அப்ப இதுதான்.”

“மீட்டர்ல எத்தனை மணிநேரம் ஓடியிருக்குண்ணா?” என்று அப்பா கேட்கச் சொன்னபடி யார்டுக்காரரிடம் மெதுவாகக் கேட்டேன்.

“அதை விடு பாப்பா. மீட்டர் நான் சொன்ன பேச்சைக் கேக்கும். உங்கப்பா விரல் கேக்காது. விரலையே நம்பு” என்றார் அவர். நல்ல மனிதர். “வண்டியை இப்பவே ஏத்தி அனுப்பிடுவேன். ஆனா ஒப்பீட்டு அலுவலகத்துல முத்திரை வாங்கிட்டு வரணும். வாங்கிட்டு வந்தவங்களை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல. நீங்க முயற்சி பண்ணுங்க.”

ஒப்பீட்டு அலுவலகம் அதே மேட்டின் மறுபக்க அடிவாரத்தில்தான் இருந்தது. அவர்களுக்குப் பின்னால் ஆளைவிட உயரமாகக் கருங்கல் தடுப்புச்சுவர் ஒன்று மேட்டைத் தாங்கிக்கொண்டு நின்றது. உள்ளே புழுக்கம். மூன்று மின்விசிறிகளில் ஒன்று எரிந்துபோயிருந்ததால் மற்ற இரண்டையும் நிறுத்தி வைத்திருந்தார்கள். முன்பக்கம் மூன்று கதவுகள். நடுக்கதவு இறுகிக்கொண்டு திறக்கவில்லை என்பதால் மற்ற இரண்டையும் பூட்டிவிட்டார்கள். பக்கவாட்டு ஜன்னல் வழியாகத்தான் எல்லோரும் ஏறி இறங்கினார்கள், தலைமை ஒப்பீட்டாளர் உட்பட. அவருக்கென்று ஒரு முக்காலி போட்டிருந்தது.

அப்பாவையும் என்னையும் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். ஏற்கெனவே அங்கே ஒருவர் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு சாவி. அவர் எங்களைப் பார்த்து லேசாக நகர்ந்து இடம் கொடுத்தார்.

தலைமை ஒப்பீட்டாளர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். “இந்த அலுவலகம் ஏன் வந்துச்சு தெரியுமா? முன்னாடி ஒருத்தர் ஒப்பிடாம ஒரு பழைய டோசரை வாங்கிட்டு ரொம்ப வருத்தப்பட்டார். அந்த வருத்தத்துல பிறந்தது இந்தத் துறை. நாங்க வந்ததுக்கு அப்புறம் இந்த ஊர்ல பழைய டோசர் வாங்கி ஏமாந்தவர்னு ஒருத்தரைக் காட்டுங்க பார்க்கலாம்.”

“என்ன பாப்பா சொல்றார்?” என்றார் அப்பா, காது கேளாதவர்களுக்கே உரிய உரத்த குரலில்.

நான் குனிந்தேன். “யாரும் ஏமாறலையாம்.”

“எத்தனை பேர் வாங்கினாங்கன்னு கேளு.”

நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. அப்பாவின் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். “ஒருத்தரும் வாங்கல” என்று பெருமையாகச் சொன்னார் தலைமை ஒப்பீட்டாளர்.

அவருக்கு உதவியாளர் ஒருவர் உண்டு. இடுப்பில் அளக்கும் டேப்பை மாட்டிக்கொண்டே திரிவதால் எல்லோரும் அவரை டேப்பு என்றுதான் கூப்பிட்டார்கள். அப்பா மஞ்சள் டோசரை ஓட்டிப் பார்த்ததாக நான் தப்பித்தவறிச் சொன்னதும் டேப்பு எழுந்து நின்றுவிட்டார்.

“ஓட்டிப் பார்த்தாரா?” தலைமை ஒப்பீட்டாளர் குரலைத் தாழ்த்தினார். “ஓடுற வண்டியைப் பார்த்தா மனசு அதுபக்கம் சாஞ்சிடும்மா. ஒப்பீடு கெட்டுப்போயிடும். அவர் இனிமே சுவரைப் பார்த்து உட்காரட்டும்.”

அப்பாவை எழுப்பிச் சுவர்ப்பக்கம் திருப்பி உட்கார வைத்தார்கள். செங்குத்தான சரிவுகளில் ஒற்றை ஆளாக வண்டி இறக்கிய மனிதர் அவர். அங்கே இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். அதற்கு முன் நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

எதையும் மூன்றாகத்தான் ஒப்பிட வேண்டும் என்பது அங்கே விதி. யார்டில் இருந்ததோ இரண்டு. டேப்பு யார்டுக்குப் போய் மூலையில் கிடந்த மூன்றாவதைக் கண்டுபிடித்தார்.

“அது வண்டி இல்லீங்க. கோழிக்கூடு” என்றார் யார்டுக்காரர்.

அவர் சொன்னது உண்மை. இன்ஜின் இல்லை, பிளேடு இல்லை, ஒரு பக்கச் சங்கிலி இல்லை. இருக்கை இருந்த இடத்தில் கோழிகள் முட்டையிட்டிருந்தன. ஆனால் உடம்பில் ஒரு தகடு ஒட்டியிருந்தது. அதில் எண்பது குதிரைத்திறன் என்று இருந்தது.

“மூணுலயும் இதுதான் சக்தி வாய்ந்தது” என்று டேப்பு எழுதிக்கொண்டார்.

அடுத்த முறை நாங்கள் போனபோது தலைமை ஒப்பீட்டாளர் கவலையாக இருந்தார். “உங்க மூணு வண்டியும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாம இருக்கும்மா. ஒண்ணு ஓடுது, ஒண்ணு நொண்டுது, ஒண்ணுல இன்ஜினே இல்ல. கால் இல்லாதவனையும் கால் இருக்கிறவனையும் பந்தயத்துல ஓட விடறது நியாயமா? முதல்ல மூணையும் சமநிலைக்குக் கொண்டு வரணும். அப்புறம்தான் ஒப்பிடணும்.”

“என்ன பாப்பா சொல்றார்?”

எப்படிச் சுருக்குவது என்று தெரியவில்லை. “இன்னும் கொஞ்சம் நேரமாகுமாம்” என்றேன்.

கோழி டோசரில் இன்ஜின் இல்லாததால் மஞ்சளின் இன்ஜினையும் சிவப்பின் இன்ஜினையும் கழற்றினார்கள். சிவப்பின் இடது சங்கிலி அறுந்திருந்ததால் மஞ்சளின் நல்ல சங்கிலியையும் கழற்றினார்கள். பிளேடுகளும் போயின. எல்லாவற்றையும் கொண்டுபோய் அலுவலகத்தின் பின்னறையில் பத்திரமாக வைத்தார்கள். ஒப்பீடு முடிந்ததும் திருப்பி மாட்டிவிடுவார்களாம். கடைசியில் ஒரே ஒரு வித்தியாசம் பாக்கி இருந்தது. ஒரு டோசரில் கோழிகள் இருந்தன, இரண்டில் இல்லை. டேப்பு கோழிகளைச் சமமாகப் பிரித்து மூன்றிலும் கட்டினார். ஒன்று மிஞ்சியது. அது அலுவலகத்திலேயே தங்கிவிட்டது. தலைமை ஒப்பீட்டாளர் பேசும்போதெல்லாம் அது அவர் மேசைக்கடியில் கொக்கரித்தது.

மூன்றையும் அலுவலக வாசலுக்கு இழுத்துவந்து வரிசையாக நிறுத்தினார்கள். சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்த அப்பாவை வெளியே கூட்டிவந்து காட்டினேன். அவர் மஞ்சள் டோசரைச் சுற்றி வந்தார். இன்ஜின் இருந்த பள்ளத்துக்குள் கையை விட்டுத் துழாவினார். பிறகு கையை எடுத்துக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வீட்டில் கூரைமேல் விழும் கற்கள் கொஞ்சம் பெரிதாகிவிட்டன. அவை உருளுவதில்லை. விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டன.

இந்த நேரத்தில்தான் தலைமை ஒப்பீட்டாளர் வண்டிகளை விட்டுவிட்டு எங்களை ஒப்பிடத் தொடங்கினார். வண்டி யாருக்கு அதிகம் தேவை என்பதையும் பார்க்க வேண்டுமாம். குதிரைத்திறன் கேள்வி அன்றுதான் வந்தது. நான் பதில் சொல்லாததால் “அளவிட முடியாதது” என்று எழுதிக்கொண்டு, பெஞ்சில் இருந்த சாவிக்காரரைக் காட்டினார்.

“இவரும் டோசர் கேட்டுத்தான் வந்திருக்கார். உங்களுக்கு முன்னாடியே. ஆனா மூணாவது விண்ணப்பதாரர் இல்ல. மேட்டுக்குக் கீழ வேற யாரும் குடியிருக்கல. மூணாவது ஆள் வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் காத்திருக்கணும்.”

சாவிக்காரர் என் பக்கம் சாய்ந்து சொன்னார். “எங்க வீட்டுலயும் முட்டு இருந்துச்சு பாப்பா. சாமான் வாங்க வெளியே வந்தேன். பூட்டிட்டுத்தான் வந்தேன்.” கையைத் திறந்து சாவியைக் காட்டினார். “பூட்டு எங்கேயோ மண்ணுக்குள்ளதான் இருக்கு.”

வீட்டுக்குள் யாராவது இருந்தார்களா என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது. மூன்றாவது ஆள் வருவதற்குள் மழை வந்துவிடும். மழை வந்தால் நானும் ஏதோ ஒரு சாவியோடு இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். அந்த பயத்தில்தான், வாழ்க்கையில் முதல்முறையாக, யாரும் கேட்காமல் வாயைத் திறந்தேன்.

“சார், இந்தக் கட்டடமும் மேட்டுக்குக் கீழதானே இருக்கு.”

தலைமை ஒப்பீட்டாளர் மேசையைச் சுற்றி வந்து என் எதிரே நின்றார். திட்டப் போகிறார் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

“இத்தனை வருஷமா என் கண்ணுல படாமப் போச்சே” என்றார் அவர். என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். “மூணாவது நாமதான்யா டேப்பு. நம்ம அலுவலகமே மூணாவது விண்ணப்பதாரர். விதி தனக்குத்தானே பொருந்தி வருது பாரு.”

டேப்பு கைதட்டினார்.

எனக்குக் கொஞ்சம் நிம்மதி வந்தது. அது அடுத்த நாள் காலையில் போய்விட்டது. மூன்று கட்டடங்களையும் ஒப்பிட வேண்டுமென்றால் மூன்றும் சமநிலைக்கு வர வேண்டுமே. சாவிக்காரரின் வீட்டுக்கு முட்டு இல்லை, தடுப்பு இல்லை. டேப்பு இரண்டு ஆட்களோடு எங்கள் வீட்டுப் பின்கட்டுக்கு வந்து, முட்டுக் கொடுத்திருந்த கட்டைகளை உருவத் தொடங்கினார்.

“தற்காலிகம்தான் அக்கா. ஒப்பீடு முடிஞ்சதும் நானே வந்து நட்டுத் தர்றேன்” என்று அம்மாவிடம் மரியாதையாகச் சொன்னார்.

அம்மா சண்டை போடவில்லை. அடுப்பை அணைத்தாள். சமையலறைச் சுவருக்குப் போய் முதுகைக் கொடுத்து, விரிசலுக்கு நேராகத் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

“என்னக்கா இது?”

“முட்டு” என்றாள் அம்மா. “எடுத்துட்டுப் போறதா இருந்தா எடுத்துட்டுப் போ.”

டேப்பு தலையைச் சொறிந்தார். டேப்பை இழுத்து அம்மா உட்கார்ந்திருந்த அகலத்தை அளந்தார். “மத்தவருக்கு வீட்டுல ஆள் இருக்காங்களான்னு பார்க்கணும்” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். சொன்ன பிறகு, சாவிக்காரர் நினைவு வந்திருக்க வேண்டும், அவர் முகமே வெளுத்தது. “இதை நான் மேல கேட்டுட்டு வர்றேன்” என்று கட்டைகளோடு போய்விட்டார்.

அன்றே அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த கருங்கல் சுவரையும் இடிக்க ஆள் வந்தது. தலைமை ஒப்பீட்டாளர் குடை பிடித்துக்கொண்டு மேற்பார்வை பார்த்தார்.

அப்பா பதறிவிட்டார். “பாப்பா, சொல்லு அவர்கிட்ட. அந்தச் சுவர்தான் மேட்டைப் பிடிச்சு வச்சிருக்கு. அதை எடுத்தா மேடு அந்தப் பக்கம் கிளம்பிடும். வேணாம்னு சொல்லு.”

நான் சொன்னேன். தலைமை ஒப்பீட்டாளர் சிரித்தார். “உங்க கட்டைகளைத் திரும்ப வாங்கறதுக்கு உங்கப்பா நல்லா யோசிக்கிறார். எங்களுக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயம் கிடையாதும்மா. உங்க வீடு ஆடும்போது என் அலுவலகம் மட்டும் ஆடாம நிக்கிறது எனக்கு அவமானம். நாங்கதான் முன்மாதிரியா இருக்கணும்.”

“என்ன பாப்பா சொல்றார்?”

“எடுத்தே தீருவாராம்ப்பா.”

ஒவ்வொரு கல்லாகப் போனது. பிறகு மழை வந்தது.

முடிவு சொல்லும் நாளன்று விடாத மழை. அம்மா சுவரைவிட்டு எழுந்திருக்க மறுத்துவிட்டாள். “நான் எழுந்தா சுவரும் எழுந்துடும். நீங்க போய் வண்டியை வாங்கிட்டு வாங்க” என்றாள். நானும் அப்பாவும் ஜன்னல் வழியாக ஏறி அலுவலகத்துக்குள் இறங்கினோம். சாவிக்காரர் இடம் கொடுத்தார். அப்பா பழக்கத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

தலைமை ஒப்பீட்டாளர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். நின்றுகொண்டே பேசினார்.

“இந்தத் துறையோட வரலாற்றுல முதல்முறையா ஒரு முழுமையான ஒப்பீடு முடிஞ்சிருக்கு. மஞ்சள், சிவப்பு, கோழி, மூணு டோசரையும் எல்லா அம்சத்துலயும் ஒப்பிட்டாச்சு. குதிரைத்திறன்ல வித்தியாசம் இல்ல, மூணுலயும் இன்ஜின் இல்ல. பிளேடு அகலத்துல வித்தியாசம் இல்ல. தேய்மானத்துல வித்தியாசம் இல்ல. மூணும் அச்சு அசலா ஒண்ணா இருக்கு. ஒண்ணா இருக்கிற மூணுல ஒண்ணை மட்டும் எடுத்தா அது பாரபட்சம். ஆகவே எதையும் வாங்க அனுமதிக்க முடியாதுன்னு மகிழ்ச்சியோட தெரிவிச்சுக்கறேன். இதனால யாரும் ஏமாறாம—”

அப்பா திரும்பினார். அவருக்கு ஒரு சொல்லும் கேட்டிருக்காது. பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். வண்டியின் இருக்கையில் உட்கார்ந்து கீழே இருக்கும் மண்ணை உணர்கிற மாதிரி.

“இறங்குது” என்றார்.

அம்மா சுவரில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறாள். “எந்தப் பக்கம்ப்பா?” என்று கத்தினேன். நான் கத்திய சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. மேசைக்கடியிலிருந்த கோழி எகிறி ஜன்னல் வழியாகப் போய்விட்டது.

அப்பா குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்தார். அந்த நேரம் முழுதும் நான் சாவிக்காரரின் கையிலிருந்த சாவியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நம்ம பக்கம் இல்ல” என்றார். “இந்தப் பக்கம்.”

பின்னறையில் ஏதோ பெரிதாக முனகியது. பிறகு கதவுக்கடியிலிருந்து சிவந்த சேறு வந்தது. வேகமாக வரவில்லை. ஜன்னல் வழியாக ஏறிவருகிற விண்ணப்பதாரர் மாதிரி, தயங்கித் தயங்கி, இடம் பார்த்துப் பார்த்து வந்தது. தலைமை ஒப்பீட்டாளரின் நாற்காலிக் காலைச் சுற்றிக்கொண்டது.

“சார், டோசர்” என்றார் டேப்பு. “உடனே ஒரு டோசரைக் கொண்டு வந்தா தள்ளிடலாம் சார். வாசல்ல மூணு நிக்குது.”

“இன்ஜினை மாட்டு” என்றார் தலைமை ஒப்பீட்டாளர்.

“இன்ஜின் பின்னறையில இருக்கு சார்.”

பின்னறைக் கதவு மெதுவாக வளைந்துகொண்டிருந்தது.

ஒவ்வொருவராக ஜன்னல் வழியாக வெளியே குதித்தோம். சாவிக்காரரை அப்பா தூக்கி இறக்கினார். கடைசியாக வந்த தலைமை ஒப்பீட்டாளருக்கு முக்காலி இல்லை, அது உள்ளே போய்விட்டது. அப்பா கைகொடுத்தார். வாசலில் கொட்டும் மழையில், வரிசையாக நின்ற மூன்று டோசர்களின் எதிரே எல்லோரும் நின்றோம். மூன்றிலும் கோழிகள் நனைந்துகொண்டிருந்தன.

தெருமுனையிலிருந்து அம்மா ஓடி வந்தாள். முதுகு முழுக்கச் சுவர்ச் சுண்ணாம்பு அப்பியிருந்தது. நான் அவளைப் பார்த்தேன்.

“நிக்குது” என்றாள் அவளே.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா அம்மாவின் முதுகைத் துடைத்தார். பிறகு அலுவலகத்தின் பக்கம் பார்த்தார். கூரையின் ஒரு மூலை நிதானமாகக் கீழே வந்தது. மேடு இன்னும் பாதி மேலேயே இருந்தது. அது அடுத்து எந்தப் பக்கம் போகும் என்று மண்ணுக்குத்தான் தெரியும். அப்பா முகத்தில் கேலி இல்லை. ஓர் ஓட்டுநர் வேலைக்கு முன் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டார்.

“மூணுல எந்த வண்டி வேணும்னு அவர்கிட்டக் கேளு பாப்பா. மண்ணு நிக்காது.”

நான் தலைமை ஒப்பீட்டாளரின் எதிரே போய் நின்றேன். நாக்கு ஒட்டவில்லை.

“சார், எந்த டோசர் வேணும்னு அப்பா கேக்குறார்.”

அவர் மஞ்சளைப் பார்த்தார். சிவப்பைப் பார்த்தார். கோழி டோசரை மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். இஸ்திரிச் சட்டை உடம்போடு ஒட்டி, அவர் மார்பு ஏறி இறங்குவது தெரிந்தது. உதடு அசைந்தது, ஒரு சொல்லும் வரவில்லை. பிறகு திரும்பி, சேற்றில் செருப்பை விட்டுவிட்டு, மழைக்குள் நடந்துபோய்விட்டார்.

“என்ன பாப்பா சொன்னார்?” என்றார் அப்பா.

இத்தனை நாளும் தலைமை ஒப்பீட்டாளரின் பேச்சைச் சுருக்கித்தான் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் அவர் சொன்னதை, ஒரு வார்த்தைகூட விடாமல், அப்பாவின் காதில் அப்படியே சொன்னேன்.